துளை போடாத கல்லுக்காரம்மா

திருவண்ணாமலையில் மாடியில் சோலார் வைக்க யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது கரண்டு பில் எவ்வளவு குறையும் என்பதை அல்ல. "தீபம் மறைக்குமா?" என்றுதான் கேட்பார்கள். கார்த்திகை தீபத்தன்று மாலையில் மலை உச்சியில் நெருப்பு ஏறும் அந்தக் கணத்துக்காகத்தான் இந்த ஊரில் பாதிப் பேர் மொட்டை மாடியே கட்டியிருக்கிறார்கள். உறவினர்கள் எல்லோரும் அன்றைக்கு அங்கே நிற்க வேண்டும். மற்ற நாட்களில் அங்கே துணி காய்ந்தால் போதும்.

அருணாதேவி இந்தக் கேள்விக்குப் படியேறும்போதே பதில் சொல்லிவிடுவார். "மலை உங்களுக்கு மேக்கால இருக்குது. நான் வெக்கிறது தெக்கப் பாத்து, அதுவும் படுத்தாப்ல இருக்கும். தீபத்த மறைக்காது." மாடிக்குப் போனதும் அவர் மலையைப் பார்ப்பதில்லை. சூரியனையும் உடனே பார்ப்பதில்லை. குனிந்து தரையைப் பார்ப்பார். பதித்திருக்கும் தட்டு ஓடுகளை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுப்பார். எந்த ஓடு அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் நிமிர்ந்து பேசுவார்.

அவர் செய்வது இதுதான். சோலார் தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை மாடியில் துளை போட்டு போல்ட்டால் முடுக்குவதில்லை. சட்டத்தின் கால்களில் தட்டு போன்ற தொட்டிகள் இருக்கும். அவற்றில் தானே வார்த்த கான்கிரீட் கற்களை வைப்பார். கற்களின் எடையே சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்களுக்கு அடியில் ரப்பர் பாய் விரிப்பதால் ஓடு தேயாது. தண்ணீர் ஓடும் வழியும் அடைபடாது. வீட்டுக் கூரையில் ஓர் ஆணிகூட இறங்காது.

இது அவர் கண்டுபிடித்த முறை அல்ல. வெளியூர்களில் பெரிய கட்டடங்களில் வழக்கத்தில் இருப்பதுதான். அதனால் அவரைப் புகழ அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு முறையை அறிந்திருப்பதும், ஓர் ஊருக்கு அதைப் பொருந்த வைப்பதும் ஒன்றல்ல.

கீழ்பென்னாத்தூரில், மணிலா என்று அங்கே சொல்லும் வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவர் அருணாதேவி. அப்பா தசரதன் பெண்ணைப் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் கிடைத்த வேலை வீடுகளில் ஒழுகல் பார்ப்பது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அதுவே தொழில். தண்ணீர் மாடியில் ஓரிடத்தில் இறங்கும், கான்கிரீட்டுக்குள்ளேயே நடந்துபோய் வேறோர் இடத்தில் சொட்டும். எல்லோரும் கூடத்தில் சொட்டுகிற இடத்தைக் காட்டுவார்கள். அவர் மாடிக்குப் போய், டிஷ் ஆண்டெனாவுக்கோ தகர ஷெட்டுக்கோ என்றைக்கோ யாரோ இறக்கிய போல்ட்டைத் தேடுவார். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். துளை போட்டவருக்கு ஐந்து நிமிட வேலை. அதை அடைக்க வந்தவருக்கு மூன்று மழைக்காலம்.

வேலூரில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் ஒழுகல் வேலைக்குப் போனபோதுதான் கல் வைத்த சோலாரை முதலில் பார்த்தார். கட்டடம் கட்டியவர்கள் மாடியில் துளை போடக் கூடாது என்று நிபந்தனை வைத்திருந்ததால் அப்படி அமைத்திருந்தார்கள். அருணாதேவி வந்த வேலையை மறந்து சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஊர் திரும்பியதும் கணவர் சகாதேவனிடம், "இன்னாங்க, இனிமே ஒழுகறத அடைக்கப் போறதில்ல. ஒழுகாம வெக்கப் போறேன்" என்றார். சகாதேவன் சொந்தமாகச் சின்ன லாரி ஓட்டுபவர். "எதுவா இருந்தாலும் லோடு இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். "கல்லுங்க. லோடு தவிர வேற ஒண்ணும் கெடையாது" என்றார் அருணாதேவி.

முதல் சட்டத்தை அவர் எந்த வீட்டு மாடியிலும் வைக்கவில்லை. அப்பாவின் நிலத்தில், மணிலா காயப்போடும் சிமென்ட் களத்தில் வைத்தார். ஆடிக் காற்று தடையில்லாமல் வரும் இடம் அது. காற்று தகட்டை மேலிருந்து அமுக்குவதைவிட, அடியில் புகுந்து தூக்குவதுதான் ஆபத்து என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்ததல்ல. பயிர் தூற்றும்போது காற்று எதைத் தூக்கும், எதை விட்டுவிடும் என்பதைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்தவர். சட்டத்தின் ஒவ்வொரு காலையும் சுற்றித் தரையில் மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டார். கால் நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். ஆடி முழுக்க அப்பாவிடமிருந்து போன் வந்துகொண்டிருந்தது. "நேத்து அடிச்ச அடியில வைக்கப்போர் சாஞ்சிடுச்சும்மா. உன்னுது கோட்டுக்குள்ளயே இருக்குது." எங்கே நகர்ந்ததோ அங்கே எடையைக் கூட்டினார். எதிர்க்காற்று புகாமல் பின்பக்கத்தைத் தகரத்தால் அடைத்தார். அதற்குப் பிறகுதான் ஊருக்குள் வந்தார்.

இன்றுவரை அவர் வைக்கும் ஒவ்வொரு சட்டத்தின் காலையும் சுற்றி அந்த மஞ்சள் கோடு இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால், கூப்பிடாமலேயே தான் வைத்த மாடிகளுக்கெல்லாம் ஏறி இறங்குவார். அந்தக் கோடுகளைப் பார்ப்பார். ஊர் அவருக்குக் கல்லுக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டது.

ஒரு பொருள் தன் இடத்தில் நிற்க இரண்டு வழிகள் இருக்கின்றன. தரையைக் குத்திப் பிடித்துக்கொள்ளலாம், அல்லது தன் கனத்தால் அமர்ந்திருக்கலாம். இதை வாழ்க்கைக்கு நீட்டிப் பேசுவது எளிது. அருணாதேவி அப்படிப் பேசுவதில்லை. எத்தனை கிலோ என்றுதான் பேசுவார்.

மலைக்குக் கிழக்கே, யாத்திரிகர்கள் ஓயாமல் நடக்கும் தெரு ஒன்றில் பலராமன் வீடு இருக்கிறது. அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். துணி காயப்போட அவர் போட்ட தகர ஷெட்டின் போல்ட் வழியாகத் தண்ணீர் இறங்கி, டிவியின் மேல் பிளாஸ்டிக் பேசின் வைத்துக்கொண்டு செய்தி பார்த்த குடும்பம் அது. ஒழுகலை நிறுத்தியவர் அருணாதேவி. அதனால் சோலார் என்றதும் பலராமனின் மனைவி தனம் அவரைத்தான் கூப்பிட்டார். பலராமனுக்கு அரை மனசு.

"ஏம்மா, தரையில ஒரு போல்ட்டு இல்ல, சும்மா கல்ல வெச்சுட்டுப் போறேன்ற. காத்து வந்து, வா போலாம்னு கூப்ட்டா கெளம்பிடாதா?"

"அண்ணா, பஸ்ஸு காலியா போனா குதிக்குமா, கூட்டம் ஏறினா குதிக்குமா?"

"காலி வண்டிதான் குதிக்கும். திண்டிவனம் ரோட்ல எலும்பெல்லாம் கழண்டுடும்."

"அவ்ளோதாங்க. இது ஃபுல் லோடு."

"டிக்கெட் யார் போடறது?" என்றார் பலராமன். ஒப்புக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

பக்கத்து வீட்டு அப்பாசாமி அப்போது தன் வீட்டுக்கு மேல் இன்னொரு தளம் எழுப்பிக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வேலையை வேடிக்கை பார்ப்பார். "ஏம்மா கல்லுக்காரம்மா, அண்ணாமலையார்கிட்ட மேல எடம் இருக்குதான்னு கேட்டு வெச்சுக்கோ. காத்துல உன் தகடெல்லாம் மலை உச்சியிலதான் போய் உக்காரும்."

"அவ்ளோ தூரம் எதுக்குங்க போவுது? பறந்தா மொதல்ல உங்க வீட்டுக்குத்தான் வரும். பக்கத்துல இருக்கீங்களே."

வேலையாட்கள் சிரித்தார்கள். அப்பாசாமியும் சிரித்தார். ஆனால் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் அதுதான் முதல் சட்டம். நகராமல் நிற்கும், ஒரு துளையும் விழாது என்று பலராமனுக்கும் தனத்துக்கும் அருணாதேவி வாக்குக் கொடுத்திருந்தார். மற்ற வீடுகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டின் ஆடிக் காற்று வந்து போனது. மஞ்சள் கோடுகள் அப்படியே இருந்தன.

பிறகு கார்த்திகை வந்தது.

தீபத்துக்கு மறுநாள் காலையில் போனில் எச்சரிக்கை வந்தது. கடலில் இருந்த புயல் திரும்பிவிட்டது, இரவுக்குள் பலத்த காற்று வரும் என்றார்கள். ஊருக்குள் வண்டிகளை விடவில்லை. தீபக் கூட்டம் இன்னும் கலையாமல் கிரிவலப் பாதை முழுக்க நடந்துகொண்டிருந்தது. அருணாதேவியும், அவருடன் வயரிங் வேலை பார்க்கும் ரேவதியும் கால்நடையாகவே ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினார்கள். கடைசியாக மதியத்துக்கு மேல் பலராமன் வீட்டுக்கு வந்தார்கள்.

மேலே போன ரேவதிதான் முதலில் கூப்பிட்டாள். "அக்கா, இங்க வாங்களேன்."

மஞ்சள் கோடுகள் இருந்தன. சட்டத்தின் கால்கள் கோட்டுக்குள்ளேதான் இருந்தன. ஆனால் தொட்டிகளில் கற்கள் இல்லை. மேற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஐந்தாறு கற்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் மேல் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. மற்றவற்றைக் காணோம்.

காபி எடுத்துக்கொண்டு மேலே வந்த தனம் அவர்களின் முகங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நேத்து உக்கார எடமே பத்தல அருணா. இவரோட சின்னம்மாவுக்கு முட்டி வலி, நிக்க முடியல. அதான் தீபம் பாக்க ரெண்டு கல்ல இழுத்துப் போட்டோம். அவங்களப் பாத்து எல்லாரும் இழுத்துக்கினாங்க."

"மீதி எங்க, அண்ணி?"

"மணிவேல் நேத்து விடிகாலைல, வண்டிய நிறுத்தறதுக்கு முன்னாடியே ஏத்திக்கினு போனான். அன்னதானத்துக்கு அண்டா வெக்க அடுப்புக் கல்லு வேணும்னான்."

"எங்க?"

"அடி அண்ணாமலைக்கு. மலைக்கு அந்தப் பக்கம்."

மணிவேல் தனத்தின் தம்பி. ஆண்டுதோறும் கீழ்பென்னாத்தூரிலிருந்து அரிசியோடு வந்து, அக்கா வீட்டில் இறங்கி, கிரிவலப் பாதையில் சாப்பாடு போடுகிறவர். தனம் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அருணாக்காவா? அக்கா, உங்க கல்லு மாதிரி கல்லு கெடையாதுக்கா! கை வெச்சுத் தூக்கறதுக்குக் காடியெல்லாம் வெச்சிருக்கீங்க. எவ்ளோ பெரிய அண்டா, துளிகூட அசையல."

"அண்டா அசையல, சரி மணி. இங்க சோலார் பிளேட்டு அசையப் போவுது."

"அய்யய்யோ. அது சும்மா வெச்சதில்லையா?"

"மாடியில யாராவது சும்மா கல்லு வெப்பாங்களா?"

"இல்லக்கா... பிளேட்டு பளபளன்னு இருக்குதே, கண்ணு படக் கூடாதுன்னு வெச்ச திருஷ்டிக் கல்லுன்னு நெனச்சிட்டேன்."

ரேவதி திரும்பி நின்று சிரிப்பை அடக்கினாள். அருணாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. மணிவேலால் கல்லைத் திருப்பி அனுப்ப முடியாது. நாளை வரைக்கும் அந்தப் பாதையில் வண்டி ஓடாது. தன் பட்டறையில் கல் இருந்தும் சகாதேவனின் லாரி ஊருக்குள் வர முடியாது. போன் செய்து பார்த்தார். "பைபாஸ்லயே நிறுத்திட்டாங்க அருணா. தலையில வெச்சுத் தூக்கினு வந்தா ராத்திரிக்குள்ள ரெண்டு கல்லு வரும்" என்றார் அவர்.

சுவரோரம் கிடந்தவற்றைத் தொட்டிகளில் வைத்தாலும் ஒரு பக்கம்கூட நிறையாது. அருணாதேவி சுவரிலிருந்து எட்டிக் கீழே பார்த்தார். தெரு முழுக்கச் செருப்பில்லாத கால்கள். பிள்ளையைத் தோளில் தூக்கியவர்கள், கைத்தடிக்காரர்கள், ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்து நடக்கும் கிராமத்துக் கூட்டங்கள். தகடு ஒன்று பறந்தால் விழுவது அப்பாசாமியின் வீட்டில் அல்ல, அங்கேதான்.

பலராமன் மேலே வந்தார். விஷயம் தெரிந்ததும் நீட்டி முழக்கவில்லை. "போவட்டும்மா. அப்பாசாமி கட்டடத்துல மெஷின் இருக்குது. வாங்கினு வந்து நாலு ஓட்டை போட்டு முடுக்கிடு. ஒழுகினா ஒழுகட்டும், பேசின் இன்னும் பரண்மேலதான் கெடக்குது."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அருணாதேவியின் வாக்கை அவரே தளர்த்தி விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மைக்குத் தலையாட்டுவதுதான் அப்போது எளிது.

அருணாதேவி குனிந்து, சட்டத்தின் கால் அருகே தட்டு ஓடு ஒன்றை விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது. "கேக்குதாண்ணா? அடியில பழைய சுருக்கி, சுண்ணாம்பும் செங்கப்பொடியும் கலந்தது. இதுல அவசரமா போடற போல்ட்டு மழைக்கு நிக்காதுன்றது அப்புறம். காத்து இழுத்தா தட்டு ஓடு மொத்தத்தையும் பேத்துக்கினு சேந்து பறக்கும். நான் வாக்குக்காக சொல்லல."

"அப்ப இன்னா பண்றது?"

"எடை வேணும். பொழுது சாயறதுக்குள்ள இந்தத் தொட்டியெல்லாம் ரொம்பணும். ரொம்பலன்னா பிளேட்ட ஒண்ணொண்ணா கழட்டிப் படி வழியா கீழ எறக்கிடுவேன். ஒடஞ்சா ஒடையட்டும், என்னுது. கீழ ஜனம் போவுது."

படியிறங்கும்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. மாடிப்படி வளைவில், முந்தின ஆண்டுகளில் மணிவேல் விட்டுப்போன காலி அரிசிச் சாக்குகள், இருபத்தாறு கிலோ பிடிப்பவை, மடித்துக் கட்டாகக் கிடந்தன. மிளகாய் காயப்போட உதவும் என்று தனம் எடுத்து வைத்திருந்தார். அருணாதேவி ஒன்றை உதறி, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். பிறகு நேராகத் தெருவில் இறங்கினார். அப்பாசாமி வீட்டு வாசலில், தார்ப்பாய் மூடிய எம்-சாண்ட் குவியலின் முன்னால் நின்றார்.

"அண்ணா, உங்க மணலு கொஞ்சம் வேணும். நாளைக்குத் திருப்பிக் குடுத்துடுவேன்."

அப்பாசாமி வாசலுக்கு வந்து, சாக்கையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா, கல்லுக்காரம்மா மணலுக்காரம்மா ஆயிட்டியா? உன் கல்லெல்லாம் கிரிவலம் போயிடுச்சாமே."

"ஆமாங்க. போயிடுச்சு."

அவர் எதிர்பார்த்த பதில் அதுவல்ல போலிருக்கிறது. மேலே வானத்தைப் பார்த்தார். கிழக்கே கருத்திருந்தது. "பறந்தா மொதல்ல என் வீட்டுக்குத்தான் வரும்னு நீதான சொன்ன" என்று முனகிக்கொண்டே தார்ப்பாயைப் பிடித்துச் சுருட்டினார். "டேய், மம்பட்டி எடுத்தாங்கடா!"

அதன் பிறகு அந்த வீட்டின் மாடிப்படி ஒரு மனித வரிசையாயிற்று. முந்தின நாள் கல்லின் மேல் உட்கார்ந்து தீபம் பார்த்த உறவினர்கள் அத்தனை பேரும் படிக்கொருவராக நின்றார்கள். கீழே அப்பாசாமியின் ஆட்கள் சாக்கில் மணலை அள்ளினார்கள். சாக்கு கைமாறிக் கைமாறி மேலே போனது. தெருவில் போன யாத்திரிகர்கள் அரிசிச் சாக்குகள் போவதைப் பார்த்து நின்றார்கள். ஒரு சிறு வரிசையே உருவாகிவிட்டது.

"சாப்பாடு எப்பங்க?" என்றார் ஒருவர்.

"சாப்பாடு நேத்தே முடிஞ்சுதுங்க. இது மேல போற மூட்டை, கீழ வராது" என்றார் பலராமன். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க." பழைய தொழில் நாக்கில் அப்படியே இருந்தது.

கேட்டவர் போகவில்லை. தன் பையை வாசலில் வைத்துவிட்டு, எங்கிருந்தோ வந்த அந்த ஆள், வரிசையின் நடுவே ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர்.

மேலே அருணாதேவி வந்த சாக்கையெல்லாம் வந்தபடி போட விடவில்லை. முழுதாக நிறைத்த சாக்கு தொட்டியில் படியாது, உருளும். அதனால் முக்கால் அளவு நிறைத்து, வாயை மடித்துக் கட்டி, தட்டையாக அமுக்கி வைக்கச் சொன்னார். கிழக்கிலிருந்து தொடங்கி, மூலைக்கு மிக அதிகம், ஓரத்துக்கு அதைவிடக் குறைவு, நடுவுக்கு இன்னும் குறைவு. காற்று பிடிப்பது மூலையில்தான். ரேவதி ஒவ்வொரு சாக்கையும் நைலான் கயிற்றால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வந்தாள். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாசாமி, "அந்த மூட்டை சாஞ்சிருக்குது பாரு, என் மணலு கொட்டிடப் போவுது" என்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

மேற்கு மூலைக்கு வந்தபோது சாக்குகள் தீர்ந்துவிட்டன. தனம் வீட்டுக்குள் போய், ஒரு மளிகைப் பையை எடுத்து வந்தார். சின்னது. அதில் பிடித்த மணலை வைத்து, சுவரோரம் மீதியிருந்த கல் ஒன்றையும் அதன் மேல் ஏற்றினார்கள். அருணாதேவி அந்த மூலையைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றார். முதல் தூறல் விழுந்தது. எல்லோரையும் கீழே அனுப்பினார்.

காற்று இரவில் வந்து இரவிலேயே போயிற்று. அருணாதேவியும் ரேவதியும் பலராமன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே போய்ப் பார்க்கவும் முடியாது, கீழே செய்யவும் ஒன்றுமில்லை. அந்த நேரத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

விடிந்ததும் பலராமன் முதலில் செய்தது, நாற்காலியில் ஏறிக் கூடத்து மேல்தளத்தை உள்ளங்கையால் தடவியதுதான். கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரமில்லை. நாற்காலியில் நின்றபடியே தனத்திடம் கையைக் காட்டினார்.

மேலே தகடுகள் எல்லாம் இருந்தன, மழையில் கழுவி விட்டதுபோல. எதிர்வீட்டு முருங்கை பாதியில் முறிந்து சுவரில் சாய்ந்திருந்தது. அருணாதேவி தகடுகளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு காலாகக் குனிந்து மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு போனார். பலராமன் பின்னாலேயே போனார்.

"நவுரவே இல்லியேம்மா! ஒண்ணுகூட நவுரல!"

மேற்கு மூலையில் அருணாதேவி உட்கார்ந்தார். "இது நவுந்திருக்குதுண்ணா."

"எங்க? கோட்டுமேலதான இருக்குது."

"கோட்டுமேல இருக்கக் கூடாது. உள்ள இருக்கணும். ரெண்டு நூலு போயிருக்குது." கொத்தனார் கணக்கில் இரண்டு நூல் என்பது கால் அங்குலம். மளிகைப் பை வைத்த மூலை அது.

யாரும் கேட்காமல், யாருக்கும் தெரிந்திராத குறையை அவரே காட்டினார். இந்த ஊரில் பலருடைய வேலையைப் பார்த்தாயிற்று. நின்றதைச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. நகர்ந்ததை விரல் வைத்துக் காட்டுகிறவர்கள் குறைவு. அவரைப் பற்றி எழுதத் தோன்றியது அந்தக் கால் அங்குலத்தால்தான்.

பலராமன் அன்று தெருவில் நின்று, போவோர் வருவோரிடமெல்லாம் தன் உள்ளங்கையைக் காட்டினார். "ஒரு ஓட்டை கெடையாது. ஒரு சொட்டு கெடையாது. எங்க கல்லுக்காரம்மா வெச்சது." அப்பாசாமி விடவில்லை. "கல்லு எங்கய்யா நின்னுது? கல்லு அடி அண்ணாமலையில சாம்பாருக்கு நின்னுது. இங்க நின்னது என் மணலு." இதைப் பற்றி அருணாதேவியிடமே நியாயம் கேட்டார்கள். "அவரு சொல்றது சரிதாங்க. அவரு மணலுதான்" என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கதையை ஊரில் அதிகம் சொல்கிறவர் அப்பாசாமிதான். தளம் முடிந்ததும் அவர் மாடிக்கும் கல்தான் வந்தது. அவர் மணலில் வார்த்த கல்.

இரண்டு நாள் கழித்து மணிவேல் கற்களோடு வந்தார். எல்லாம் அடுப்புக் கரி. ஒன்றில் யாரோ விபூதிப் பட்டை தீட்டி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். "அடுப்பு பத்த வெக்கிறதுக்கு முன்னாடி கும்புட்டோம்கா" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு. அருணாதேவி அவரைத் திட்டவில்லை. கற்களைக் கழுவவும் இல்லை. கரியோடும் விபூதியோடும் தொட்டிகளில் வைத்தார்.

ஆனால் மேற்கு மூலையை அப்படியே விட்டுவிட்டு வெகுநேரம் நின்றார். ரேவதியிடம் சொன்னார்: "எத்தனை மாடி ஏறியிருப்பேன். தண்ணி எங்க போவுது, காத்து எங்க பிடிக்குது, எல்லாம் பாத்தேன். தீபத்தன்னைக்கி ஜனங்க எங்க உக்காருவாங்கன்னு பாக்கலியே. கல்லத் தூக்கினது அவங்க தப்பு இல்ல. உக்கார எடம் குடுக்காதது என் தப்பு."

பட்டறையில் புதிதாக ஓர் அச்சு செய்தார். தன் பெரிய கற்களின் எடையைக் கணக்கிட்டு, அதே எடைக்கு நீளமான ஒரு பெஞ்சாக மாடியிலேயே வார்த்தார். ஆள் உட்கார வசதியாக ஓரங்களை மழுக்கினார். நான்கைந்து பேர் உட்கார்ந்தாலும் கூரை தாங்கும்படி, அடியில் சுவர் வரும் இடமாகப் பார்த்து வைத்தார். சட்டத்தின் மேற்கு மூலைக் கால்களை அந்தப் பெஞ்சோடு பிணைத்தார். பெஞ்சு மலையைப் பார்த்திருக்கும். அதை யாரும் தூக்க முடியாது, தூக்கத் தோன்றவும் தோன்றாது. இப்போது இந்த ஊரில் அவர் வைக்கும் சோலார் எல்லாவற்றிலும் மேற்குப் பக்கம் அந்தப் பெஞ்சு உண்டு. வெளியூரில் இப்படி வைக்கிறார்களா என்று தெரியவில்லை. வெளியூரில் இதற்குத் தேவையும் இல்லை.

அடுத்த கார்த்திகை தீபத்தன்று பலராமன் வீட்டு மாடியில் கூட்டம். முட்டி வலிக்காரச் சின்னம்மா பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார். பலராமன் பின்னால் நின்று, "இன்னும் ரெண்டு பேரு உக்காரலாம், நவுந்து உக்காருங்க. ஜாஸ்தி ஏறினாதான் வண்டி குதிக்காது" என்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து மாடியில் அப்பாசாமி தன் பெஞ்சில் தன் குடும்பத்தோடு.

"எல்லாரும் மேல பாக்கறாங்க, இவ எங்க பாக்கறா பாரு" என்றார் தனம். அருணாதேவி பெஞ்சின் மூலையில் குந்தி உட்கார்ந்து மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கும் காலுக்கும் நடுவில் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தது. அப்போது ஊர் முழுக்க ஒரே குரலாக "அரோகரா" என்று எழுந்தது. தனம் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். சின்னம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த மாடியில் அன்றைக்குத்தான் அருணாதேவி நிமிர்ந்து மலையைப் பார்த்தார்.